பொதி கட்டப் போனவன்

புறக்கோட்டையில் பொதி கட்டத் தெரியாத ஆள் ஒருவர் தென்பட்டால், அவர் சாமான் வாங்க வந்தவராகத்தான் இருப்பார். நான்காம் குறுக்குத் தெருவில் நாட்டாமிமார் சாக்கைப் பார்க்காமலே முடிச்சுப் போடுவார்கள். நான் கட்டி 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏற்றும் பருப்போ, வெள்ளவத்தை வருமுன்பே பம்பலப்பிட்டியில் பையை விட்டு இறங்கிவிடும். அப்பேர்ப்பட்ட நான் லினக்ஸுக்கு மென்பொருள் பொதி கட்டப் புறப்பட்டேன்.

புறக்கோட்டையில் மொத்தக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர். மேல்மாடியில் கணக்குக் கணினி, கீழே பில் கணினி. நடுவில் பென்டிரைவோடு படி ஏறி இறங்க ஒரு பெடியன். "இதுக்குத்தானே சாம்பா இருக்கு" என்றேன். கன்பராவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த அண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1991 கடைசியில் எழுதத் தொடங்கிய மென்பொருள் அது. லினக்ஸ் கணினியை, விண்டோஸ்காரர்களுக்கும் கோப்பு பரிமாறும் சேர்வராக்கும். டெபியன் என்ற லினக்ஸ் வகையில் ஆயத்தப் பொதியாகவே கிடைக்கும். ஒரு வரிக் கட்டளை போதும். ஒரு வரியில் முடிகிற வேலையால் வீட்டில் மதிப்பு கூடுமா? கடைக்கென்றே தனிப்பொதி கட்டப்போவதாக மனைவியிடம் அறிவித்தேன்.

டெபியன் பொதிக்குள் சரக்கைவிடச் சடங்கு அதிகம். எந்தெந்தப் பொதிகள் துணைக்கு வேண்டும், உரிமை யாருக்கு, என்றைக்கு எதை மாற்றினாய் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு. கடைசிக் கோப்பில் என் மின்னஞ்சலுக்கும் திகதிக்கும் நடுவே சரியாக இரண்டு இடைவெளி வேண்டும். ஒன்று குறைந்தாலும் முறைக்கும். எங்கள் கலியாணப் பதிவுகாரர்கூட இவ்வளவு துருவவில்லை.

இதற்குள் கடையில் சாம்பாவைப் போட்டுப் பார்த்தால், மேல்மாடிக் கணக்கப்பிள்ளையின் விண்டோஸ் எக்ஸ்பிக்குச் சேர்வர் கண்ணிலேயே படவில்லை. கோப்பு பரிமாற எக்ஸ்பி பேசும் பழைய எஸ்எம்பி1 முறையை, 2019இல் வந்த சாம்பா 4.11 தானாகவே மூடிவைத்துவிட்டது. 2017இல் வன்னாக்ரை என்ற கணினிப்புழு பரவியது விண்டோஸின் எஸ்எம்பி1இல் இருந்த ஓட்டையால்தான் என்று விளக்கினேன். "என்ட பெட்டி நல்லாத்தான் இருக்கு. உங்கட சேர்வருக்குத்தான் கண் தெரியல்ல போல" என்றார் அவர். புதுக் கணினி வாங்கலாமே என்றேன். முதலாளி பெடியனைப் பார்த்தார், பென்டிரைவைப் பார்த்தார். இரண்டும் மலிவு.

சரி, பழைய கதவைத் திறக்கச் சாம்பாவின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி போதும். அதை என் பொதியே எழுதிவிடட்டும் என்று பார்த்தால், டெபியன் கொள்கை கையைப் பிடித்தது: இன்னொரு பொதியின் அமைப்புக் கோப்பில் உன் பொதி கை வைக்கக்கூடாது. பாவிப்பவர் தன் கையால் திருத்தியதைச் சொல்லாமல் அழிக்கவும் கூடாது. புதியதா பழையதா என்று கேட்க வேண்டும். அவர் பேசாமல் என்டரைத் தட்டினால் பழையதே நிற்கும்.

எனக்குக் கண் கலங்கியது. என் மேசையையும் அலுமாரியையும் கேளாமல் ஒதுக்குகிற வீட்டில் இந்தச் சட்டம் எவ்வளவு அவசியம்! இரவுச் சாப்பாட்டில் மனைவிக்கு வரி வரியாக விளங்கப்படுத்தினேன். அவளும் கவனமாகக் கேட்டாள். அந்த உற்சாகத்தில் சொதிச்சட்டிக்குள் தேசிக்காய் பிழியக் கையை நீட்டினேன்.

"இஞ்சேருங்கோ, அது என்ரை அமைப்புக் கோப்பு. முதல்ல கேக்கோணும்."

கேட்டேன். அவள் பேசாமல் சட்டியை மூடினாள். பழையதே நின்றது.