பட்டியலில் எல்லாப் பெயரும்

பிப்ரவரி பிறந்ததும் மகளின் புத்தகப் பையில் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் வந்துவிடும். 14ஆம் தேதி வேலன்டைன் வாழ்த்து கொண்டுவருவது அவரவர் விருப்பம்; கொண்டுவந்தால் எல்லோருக்கும் கொண்டுவர வேண்டும், தின்பண்டம் கூடாது. இங்கே, நியூ ஜெர்சியில், அவள் டீச்சர் சொல்வது அவ்வளவுதான்.

நான் தமிழ்நாட்டில் படித்தபோது காதலர் தினம் என்று வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாது. நாங்கள் பிறருக்குக் கொடுக்கும் நாள், பிறந்தநாள். சீருடைகளுக்கு நடுவே கலர் டிரஸ், கையில் ‘ஆசை’ சாக்லேட் பை. சாக்லேட் எல்லோருக்கும் உண்டு. ஆனால் மற்ற வகுப்பு டீச்சர்களுக்குக் கொடுக்கப் போகையில் துணைக்கு யாரைக் கூப்பிடுவது? அந்த ஒரு பெயருக்காக வகுப்பே காத்திருக்கும். கூப்பிடப்படாதவர்கள் தலை குனிந்து சாக்லேட் தாளைப் பிரிப்பார்கள்.

அமெரிக்காவிலும் வேலன்டைன் வாழ்த்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பதாகத்தான் தொடங்கியது. 1840களின் இறுதியில் மாசசூசெட்ஸின் வூஸ்டரில் எஸ்தர் ஹவ்லண்ட் லேஸ் காகிதம் ஒட்டிச் செய்து விற்ற அட்டைகள் காதலர்களுக்கானவை. வழக்கம் வகுப்பறைக்குள் வந்தபோது, அட்டை கிடைக்காத பிள்ளையும் கூடவே வந்தது. 1975இல் ஒளிபரப்பான கார்ட்டூனில் சார்லி பிரவுன் என்ற சிறுவன் அட்டைகளை அள்ளிப்போக ஒரு கைப்பெட்டியோடு வந்து வெறுங்கையோடு நிற்பான். பார்த்த பிள்ளைகள் மனம் தாங்காமல் அவனுக்கு நிஜமாகவே வாழ்த்துகளைத் தபாலில் அனுப்பினார்கள். எல்லோருக்கும் கொடு என்கிற விதியின் நியாயம் அந்தப் பிள்ளைகளுக்கு அப்போதே புரிந்திருக்கிறது.

தின்பண்டம் வேண்டாம் என்பதும் அதே நியாயம்தான். அமெரிக்கச் சட்டம் முக்கிய ஒவ்வாமை உணவுகளாக 9ஐச் சொல்கிறது. அந்தப் பட்டியலில் வேர்க்கடலை முன்பே இருந்தது, எள் சேர்க்கப்பட்டது 2023இல் நடைமுறைக்கு வந்தது. நம் கடலை மிட்டாயும் எள்ளுருண்டையும் ஒரு பிள்ளையை மருத்துவமனைக்கு அனுப்பிவிடலாம். தின்பண்டத்துக்குப் பதிலாகக் கொடுக்கும் விளையாட்டுப் பொருளிலும் கவனம் வேண்டும்: பிளே-டோ களிமண்ணில்கூடக் கோதுமை இருக்கிறது. குட்டி ரப்பர் பந்து, வீட்டிலிருக்கும் தம்பி தங்கையின் தொண்டையில் சிக்கலாம்.

எனவே எங்கள் வீட்டில் பென்சில்தான். அட்டையில் இரண்டு துளை போட்டு அதில் செருகிவிட்டால் வேலை முடிந்தது. சில வருடம் ஸ்டிக்கர், சில வருடம் சோப்புக் குமிழிப் புட்டி. பெயர்களை மட்டும் மகள்தான் எழுத வேண்டும். ஒரே மூச்சில் எழுதச் சொன்னால் கை வலிக்கும், வெறுப்பு வரும். இரவுக்கு நாலைந்து பெயர் போதும்.

எழுதும்போதே கேள்விகள் வரும். இந்தப் பையன் யார்? பேசவே மாட்டானே, அவனுக்கு என்ன நிறம் பிடிக்கும்? தெரியாது என்றால் மறுநாள் கேட்டு வருவாள். கடையில் வாங்கிய பொம்மைகளோ பளபளக்கும் பொட்டலங்களோ அவளை இப்படிக் கேட்கவைக்காது. பரிசு எவ்வளவு எளியதாகவும் இருக்கட்டும். தன்னோடு விளையாடாத பிள்ளையின் பெயரையும் எழுத்துப் பிழையில்லாமல் எழுத ஒரு குழந்தை கற்றுக்கொண்டால், அந்த நாளிடம் நான் வேறெதையும் எதிர்பார்க்கவில்லை.