நோக்கு வர்ம டாக்டர்

கல்லாவி டீக்கடையில் அவர் டீ கேட்கமாட்டார். மாஸ்டரின் கண்ணையே உற்றுப் பார்ப்பார். மாஸ்டர் மிரண்டுபோய், "சார், ஸ்ட்ராங்கா, லைட்டா?" என்பார். உடனே நம் பக்கம் திரும்புவார். "பாத்தீங்களா, நான் வாயே தொறக்கல." டீக்கடைக்கு வருகிறவன் டீ குடிக்கத்தான் வருவான் என்று சொல்லலாம். சொன்னால் நம்மையும் பார்ப்பார்.

2011-இல் '7ஆம் அறிவு' படம் வந்தது. அதில் வில்லன் டோங் லீ நோக்கு வர்மத்தால் ஒரு பார்வை பார்த்தால் தெருவில் போகிறவனெல்லாம் அவன் சொன்னபடி அடிக்க வருவான். ஊர் அதைக் கதையென்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து சோறு தின்றது. இவருக்கு அது செய்முறை வகுப்பு. பெங்களூரில் ஒரு பயிற்சி, சட்டம் போட்ட சான்றிதழ், பெயருக்கு முன்னால் 'டாக்டர்'. எங்கே படித்தீர்கள் என்று கேட்டால் அதற்கும் பார்வைதான்.

கண்டக்டரைப் பார்ப்பார், சில்லறைக்காக. கரன்ட் பில்லைக்கூடப் பார்ப்பார். வாடகை கேட்டு வந்த வீட்டுக்காரம்மாவையும் ஒரு நிமிஷம் கண் இமைக்காமல் பார்த்தார். "என்னா சாமி, கண்ணுல தூசா? ஊதி உடட்டா?" என்றவர், ஊதிவிட்டு, வாடகையையும் வாங்கிக்கொண்டுதான் போனார்.

இதெல்லாம் பலிக்குமா என்று கேட்டால் வங்காளத்து ஹூக்ளியைச் சொல்வார். 1845-இல் எஸ்டெயில் என்ற வெள்ளைக்கார டாக்டர் அங்கே மெஸ்மரிசத்தால் மயக்கியே பெரிய பெரிய கட்டிகளை அறுத்தது நிஜம்தான். ஈதரும் குளோரோபார்மும் வந்தபின் அந்த வித்தைக்கு மவுசு போனதைச் சொல்லமாட்டார். மெஸ்மரிசத்துக்குப் பெயர் தந்த மெஸ்மரின் வித்தையை 1784-இலேயே பாரிஸில் பெஞ்சமின் பிராங்க்ளின் குழு சோதித்ததையும் சொல்லமாட்டார். அந்தச் சோதனையில், காந்தசக்தி ஏற்றிய மரத்தைத் தேடிப் போன பையன், ஏற்றாத மரத்தடியில் மயங்கி விழுந்தான்.

இங்கே விழுகிறவர்கள் போச்சம்பள்ளி சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்து வரும் பையன்கள். சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து "உறங்கு" என்கிறார். உறங்கிவிடுகிறான். நைட் ஷிஃப்ட் பார்த்தவன் ஃபேன் போட்டாலே உறங்குவான், அதற்கு எதற்கு ஐந்நூறு ரூபாய்? எழுந்தவுடன் அடுத்த பத்து தடவைக்கு முன்பணமும் கட்டுகிறான்.

இதுவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். அரசு ஆஸ்பத்திரி மனநல டாக்டர் ஒரு பையனுக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையை, இவர் "மனசு அடிமையாயிடும், தூக்கிப் போடு" என்று நிறுத்தச் சொல்லியிருக்கிறார். அவனும் நிறுத்திவிட்டான். நாலு ராத்திரி தூங்காமல் அவன் தெருவில் நடந்ததைக் கல்லாவியே பார்த்தது. அவனைத் திரும்ப ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு முன்பணத்தைக் கேட்கப் போனோம். கதவில் அட்டை தொங்கியது: 'டாக்டர் ஓசூர் கேம்ப்.'