ஒன்றரைக்கண் கரடியும் மைனா மிஸ்ஸும்

எங்கள் பாட்டி மைசூரில் ஐம்பது வருடம், வெள்ளிக்கிழமை தவறாமல், மகாலட்சுமியை வாசலிலேயே நிற்க வைத்திருந்தார். வேண்டுமென்று செய்ததில்லை. எல்லாம் ஓர் எழுத்து பார்த்த வேலை.

லட்சுமியை வீட்டுக்குள் அழைத்துப் புரந்தரதாசர் பாடிய கன்னடப் பாட்டு ஒன்று உண்டு. விளக்கேற்றியதும் தமிழ் வீடுகளிலும் அது தானாகக் கிளம்பிவிடும். அதில் வரும் 'பாரம்மா' என்ற சொல்லுக்குக் கன்னடத்தில் 'வாம்மா' என்று பொருள். அங்கே 'பா' என்பது பாதாமின் பா. பாலின் பா அல்ல. கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகி வந்த பாட்டி அதைப் பாலின் பாவாகவே பாடினார். லட்சுமி என்ன செய்வாள், பாவம்? வா என்றால் வருவாள். பார் என்றார்கள், பார்த்தாள். ஐம்பது வருடம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் வாசற்படி தாண்டவில்லை என்பதற்கு எங்கள் வீட்டு பாங்க் பாஸ்புக்கே சாட்சி.

எதிர்வீட்டுக் கன்னடத்து மாமி ஒருநாள் மெதுவாகத் திருத்திப் பார்த்தார். பாட்டி அசரவில்லை. "மொதல்ல பாக்கட்டும்டி. பாத்தாத்தானே வருவா?"

பேரனும் சளைத்தவனில்லை. கிருஷ்ணனைச் சீக்கிரம் வரச்சொல்லி வியாசராயர் பாடிய பாட்டு பாலசரஸ்வதியின் அபிநயத்தால் ஊரறிந்தது. அதில் வரும் 'பேகனே' என்ற சொல்லுக்கு 'வேகமாக' என்று அர்த்தம். நான் ஆறாம் வகுப்பில் கடையெழு வள்ளல்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்த காலம் அது. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனைத்தான் அந்தப் பாட்டு கூப்பிடுகிறது என்று கண்டுபிடித்தேன். ஆதாரம் வேண்டுமா? கிருஷ்ணன் தலையில் மயிலிறகு இருக்கிறதே! போர்வைக்கு மயில் செலுத்திய நன்றிக்கடன் அல்லாமல் அது வேறென்ன? இதைவிடக் குறைந்த ஆதாரத்தோடு டாக்டர் பட்டம் வாங்கியவர்களைப் பிற்பாடு பார்த்திருக்கிறேன்.

இந்தப் பாவத்தில் நாம் தனி ஆளில்லை. அமெரிக்காவில் சில்வியா ரைட் என்ற எழுத்தாளர், சின்ன வயதில் ஒரு ஸ்காட்லாந்துக் கதைப்பாடலைத் தப்பாகக் கேட்டு, அதில் இல்லவே இல்லாத ஒரு சீமாட்டியை உண்டாக்கி, அவளுடைய சாவுக்காக வருத்தமும் பட்டிருக்கிறார். 1954-இல் அதைக் கட்டுரையாக எழுதி, இந்த வியாதிக்கு அந்தச் சீமாட்டியின் பெயரையே வைத்தார்: மாண்டெகிரீன். சிலுவை சுமப்பதைப் பற்றிய துதிப்பாடல் ஒன்றைப் பாடிய ஆங்கிலக் குழந்தைகள், அதில் ஒன்றரைக்கண் கரடி ஒன்று இருப்பதாக நம்பினார்கள் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லிச் சிரிக்கும் கதை. சிலுவை போய்க் கரடி வந்தாலும் பக்தி ஒரு மாற்றுக் குறையவில்லை.

குழந்தைகளை விடுங்கள். பின்னாளில் ப்ளூகிராஸ் என்று பெயர்பெற்ற இசைக்குக் கிதார் வழி காட்டிய கார்ட்டர் குடும்பத்தார், 1928 மே மாதம் ஒரு காட்டுப்பூப் பாட்டைப் பதிவு செய்தார்கள். 1860-இல் அச்சான பாட்டு அது. மலைநாட்டு வாய்களில் புரண்டு புரண்டு வந்து சேர்ந்தபோது, பூக்களின் பெயர் வரும் சில இடங்கள் பொருளே இல்லாமல் தேய்ந்திருந்தன. அவர்கள் தேய்ந்ததையே பாடினார்கள், இசைத்தட்டும் அதையே பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து பிழைதான் மூலபாடம். சரியாகப் பாடினால் தப்பு என்பார்கள்.

தட்டு என்றதும் கல்கத்தாவுக்குப் போயாக வேண்டும். 1902-இல் கிராமபோன் கம்பெனியின் ஃப்ரெட் கைஸ்பெர்க் அங்கே மெழுகுத் தட்டுகளும் தகரக் குழலுமாக வந்து இறங்கினார். மைக் புழக்கத்துக்கு வர இன்னும் இருபது வருடத்துக்கு மேல் இருந்தது. பாடுகிறவர் குழலுக்குள் முகத்தை நுழைத்துக் கத்த வேண்டும். உச்சஸ்தாயி வந்தால் தலையைப் பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஊசி மெழுகைக் கிழித்துவிடும். ராத்திரி முழுக்கப் பாடக்கூடியவருக்குக் கொடுத்தது மூன்று நிமிடம். இவ்வளவும் செய்தால், குழல் நடுத்தரமான ஒலிகளை மட்டும் வாங்கிக்கொண்டு 'ஸ' போன்ற சீறல் ஒலிகளைத் தள்ளிவிடும். பாதிச் சொல்லை இயந்திரம் விழுங்கும். மீதியைக் கேட்கிறவன் தன் கைக்காசில் போட்டுக்கொள்வான்.

அந்தக் குழலுக்குள் கூச்சமில்லாமல் பாடியவர் கௌஹர் ஜான். அசம்கரில் பிறந்தபோது ஏஞ்சலினா யோவர்ட். அப்பா ஆர்மீனிய வம்சம். அம்மா மதம் மாறி மல்கா ஜான் ஆனபோது மகள் கௌஹர் ஆனார். பத்துக்கு மேற்பட்ட மொழிகளில் சுமார் 600 தட்டுகள். பூனை குட்டி போட்டதற்கு 20,000 ரூபாயில் விருந்து வைத்தார் என்று ஒரு கதை. ஒரு சமஸ்தானம் கச்சேரிக்குக் கூப்பிட்டபோது தனி ரயில் கேட்டு வாங்கினார் என்று இன்னொன்று. ஊர் சொன்னதில் பாதியைத் தள்ளினாலும் மீதி நம்மால் தாங்கக்கூடியதல்ல.

அன்றைக்கு இந்தியாவில் தட்டு அச்சடிக்கும் ஆலை கிடையாது. பதிவானதெல்லாம் கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவருக்குப் போகும். அங்கே இருந்த ஜெர்மானியருக்கு தும்ரியும் ஒன்றுதான், தாதராவும் ஒன்றுதான். எந்தத் தட்டு யாருடையது என்று எப்படித் தெரியும்? அதற்காகவே பாட்டு முடிந்ததும் பாடியவர் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்ல வேண்டும். 'மை நேம் இஸ் கௌஹர் ஜான்!' ராகம் அடங்கும் முன்னே, ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி அது வந்து விழும். பொட்டலத்தில் ஒட்டும் சீட்டு, கடைசியில் அவருடைய முத்திரை வரியானது.

கார்ட்டர் குடும்பம் காட்டுப்பூவைப் பாடிய அதே 1928-இல், ஆகஸ்ட் 1 அன்று, நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் மைசூரில் கௌஹர் ஜான் அரண்மனைப் பாடகியாகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 500 ரூபாய். அரண்மனைக் கணக்குக்கு அது சுமாரான தொகை. பழைய கதைகளை நம்பினால், அவருடைய பூனைக்கே கட்டுப்படியாகாது. வழக்குகளும் நம்பிய மனிதர்களும் மீதியைத் தின்றிருந்தார்கள். 1930 ஜனவரி 17 அன்று இதே ஊரில் கண்ணை மூடினார். நாடெல்லாம் ஒலித்த குரல் அடங்க வந்த இடம் மைசூர். இங்கே அரண்மனை ஆவணக்கட்டுகளுக்குள் கிடந்தவரை விக்ரம் சம்பத் வெளியே கொண்டுவந்து 2010-இல் புத்தகமாக்கினார்.

மைசூர் அப்போதே காதால் வாழ்ந்த ஊர். 1935-இல் எம்.வி. கோபாலசாமி என்ற பேராசிரியர் தம் வீட்டிலேயே ஒரு வானொலி நிலையம் தொடங்கினார். 'ஆகாசவாணி' என்ற பெயர் புழக்கத்துக்கு வந்தது அங்கிருந்துதான். மகாராஜா கல்லூரியில் அவர் நடத்திய பாடம் மனோதத்துவம். காற்றில் குரல் கேட்கிறது என்று யாராவது சொன்னால் மற்ற மனோதத்துவக்காரர்கள் வைத்தியம் பார்ப்பார்கள். இவர் நிகழ்ச்சி நிரல் போட்டுக் கொடுத்தார்.

நால்வடிக்கு அடுத்துப் பட்டத்துக்கு வந்த ஜெயசாமராஜ உடையார் இன்னும் ஒருபடி மேலே போனார். சமஸ்கிருதத்தில் தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட கீர்த்தனைகள் செய்தவர். அதே கையால், லண்டனில் கவனிப்பாரற்றுக் கிடந்த மெட்னெர் என்ற ருஷ்ய இசையமைப்பாளரின் இசையைத் தட்டுகளாகப் பதிக்கப் பணம் கொடுத்தார். மெட்னெர் தம் மூன்றாவது பியானோ கான்செர்ட்டோவை மகாராஜாவுக்கே காணிக்கையாக்கினார். பிறகு ஜெர்மன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் இறந்து, அவருடைய கடைசி நான்கு பாடல்கள் அரங்கேற ஆளில்லாமல் நின்றபோது 4,800 டாலர் பொறுப்பேற்றவரும் இவர்தான். 1950 மே 22, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால். கவிதைகள் ஜெர்மன், பாடியவர் நார்வேக்காரர் கிர்ஸ்டன் ஃப்ளாக்ஸ்டாட், நடத்தியவர் ஃபுர்ட்வெங்லர், பில் மைசூருக்கு. மகாராஜா போகவில்லை. பதிவு செய்த தட்டுகள் அவரைத் தேடி வந்தன, ஏற்கெனவே இருந்த சுமார் 20,000 தட்டுகளோடு சேர்ந்துகொள்ள.

அந்தக் கச்சேரியைப் பிடித்த அசிட்டேட் தட்டுகள் ஓடி ஓடித் தேய்ந்துபோனதால், பிற்காலத்தில் எல்.பி.யாக வந்தபோது எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் பொரிகிற சத்தத்துக்கு நடுவில்தான் பாட்டு கேட்டது. கணக்கு நேராகிவிட்டது என்று எனக்குத் தோன்றும். 1902-இல் ஹானோவர்க்காரர்கள் ஒரு சொல்லும் புரியாமல் கௌஹரைக் கேட்டார்கள். 48 வருடம் கழித்து அவர்களுடைய மொழியை மைசூர் காசு கொடுத்து வரவழைத்தது.

புரியாததை நாடுவது இந்தப் பக்கத்தில் பழைய பழக்கம். தெலுங்குக் கீர்த்தனைக்குக் கண்ணீர் விடுகிற தமிழன் அகராதி பார்த்தா அழுகிறான்? 1943-இல் தமிழிசைச் சங்கம் எழுந்து, புரிகிற மொழியிலும் பாடுங்கள் என்று நியாயமாகவே கேட்டது. பாடினார்கள். அதையும் நாங்கள் தப்பாகவே கேட்டோம். மொழி தெரியாததால் வருகிற வியாதி என்றால் படித்துத் தீர்த்துக்கொள்ளலாம். இது பாட்டின் மேல் உள்ள ஆசையால் வருவது. பிடிக்காத பாட்டை யாரும் தப்பாகப் பாடுவதில்லை, பாடுவதே இல்லை.

இவ்வளவும் தெரிந்துகொண்ட கர்வத்தில், பாட்டியின் கடைசிக் காலத்தில் கௌஹர் ஜானின் பழைய பதிவொன்றைப் போனில் போட்டுக் காட்டினேன். வரலாற்றையெல்லாம் விளக்கினேன். "பாட்டு புரியாட்டா பரவாயில்ல பாட்டி. கடைசில வர்ற இங்கிலீஷ் வரிய மட்டும் கவனி. அத மட்டும் யாராலயும் தப்பா கேக்க முடியாது."

பாட்டி கண்ணை மூடிக் கேட்டார். பாட்டு முடிந்தது. கௌஹர் ஜான் ஹானோவருக்குக் கேட்கும்படி கத்தினார்.

பாட்டி கண்ணைத் திறந்தார். "நன்னா பாடறா. யாருடா இந்த மைனா மிஸ்? எந்த ஸ்கூல்ல டீச்சர்?"