சூரனுக்கு மன்னிப்பு உண்டா?

கேள்வி: கதையில் வரும் கொடியவனைத் 'திருந்தவே மாட்டான்' என்று தள்ளிவிடலாமா, ஐயா? நண்பர்களுக்குள் ஓயாத தர்க்கம்.
– ஒரு வாசகர், கோப்பாய்

பதில்: பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை 'கந்தபுராண கலாசாரம்' என்று போற்றிய யாழ்ப்பாணத்து வாழ்விலே, கோயில் மண்டபங்களில் புராணபடனம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இவ்வழக்கு புதிதன்று. 108 யுகம் 1008 அண்டங்களை ஆண்டு, தேவரைச் சிறையிட்டு, தூது வந்த வீரவாகுவின் சொல்லையும் தள்ளிய சூரபத்மன், போர்க்களத்தில் முருகனுடைய விசுவரூபத்தைக் கண்டு, வலம்வரக் காலும் தொழக் கையும் விழைய, மானம் ஒன்றே தடுக்க நிற்பதாகக் கந்தபுராண ஆசிரியர் கச்சியப்பர் காட்டும் அந்தக் கணத்தைப் படித்த பின்பும், அவனை முழுக் கொடியவன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஆயினும் கச்சியப்பர் அவனை எளிதில் விட்டுவிடவில்லை: மாமரமாய் நின்றவனை வேல் பிளக்கிறது, தேவர் சிறை மீள்கின்றனர். அடைபட்டவரை மறந்து, அடைத்தவனுக்கு மாத்திரம் இரக்கப்படுவது அநீதி. ஆனால், வேல் பிளந்த பின்னரும் சேவலும் மயிலுமாய்ச் சீறி வந்தவனைக் கருணை நோக்கால் அடக்கி, கொடியும் வாகனமுமாக்கிய ஆண்டவன், மன்னிப்போடு உத்தியோகமும் அல்லவா கொடுத்தான்!

ஐப்பசிச் சஷ்டியன்று, தலை மாற்றி மாற்றி மாட்டப்பட்டு, இளைஞர் தோளில் சூரன் துள்ளி வரும்போது நண்பர்களையும் அழைத்துச் செல்லுங்கள். அவன் விழுந்தவுடன் கலைந்துவிடாமல், மயில் வரும்வரை நில்லுங்கள்.