மோட்டார் ஸ்விட்சும் மொமெண்டமும்

பள்ளிக்கூடத்தில் உந்தம் என்றால் நிறை பெருக்கல் திசைவேகம். எழுதினால் மார்க் உண்டு. கிரிக்கெட் வர்ணனையில் வருகிற மொமெண்டத்துக்கு நிறையும் கிடையாது, திசையும் கிடையாது. விக்கெட் விழுந்ததும் "மொமெண்டம் இந்தப் பக்கம் வந்துடுச்சு" என்பார்கள். அடுத்த ஓவரில் இரண்டு சிக்ஸர் பறந்தால் அந்தப் பக்கம் போய்விட்டதாம். மழை பெய்து முடிந்ததும் மழை என்று சொல்ல வானிலை ரமணன் எதற்கு?

2023 உலகக் கோப்பையில் நம் ஆட்கள் வரிசையாக 10 ஆட்டம் ஜெயித்தார்கள். ஆஸ்திரேலியா முதல் இரண்டிலும் உதை வாங்கிய அணி. அகமதாபாத் இறுதியாட்டத்தில் டிராவிஸ் ஹெட் 137 அடித்தபோது, பத்து ஆட்டமாகச் சேர்த்துவைத்த மொமெண்டம் எங்கே போய்த் தொலைந்தது? 2020 அடிலெய்டில் 36க்குச் சுருண்டோம். கோலியும் ஊருக்குக் கிளம்பிவிட்டார். அடுத்த டெஸ்டை மெல்போர்னில் 8 விக்கெட்டில் ஜெயித்தோம்.

1985இல் அமெரிக்காவில் மூன்று பேர் கூடைப்பந்துக் கணக்கையெல்லாம் அலசி, தொடர்ந்து கூடையில் போட்டவர் அடுத்ததையும் போடுவார் என்கிற "கை ராசி" வெறும் பிரமை என்றார்கள். முப்பது வருடம் கழித்து வேறு இரண்டு பேர் வந்து, அந்தக் கணக்கிலேயே ஓட்டை என்றார்கள். படித்தவர்கள் பாடே இப்படி.

இவ்வளவு பேசுகிற நான் 2024 ஜூன் 29 ராத்திரி என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். பார்படாஸில் டி20 உலகக் கோப்பை இறுதியாட்டம். அக்சரின் ஒரே ஓவரில் 24 ரன். தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்தில் 30 போதும், கிளாசன் நிற்கிறார். மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் அதற்கு முன்பே கேட்டுவிட்டது. யாரும் அசையக் கூடாது என்பது பெரியப்பாவின் உத்தரவு. பும்ரா ஓவர் முடிந்தது. பந்த் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படுத்தார், கட்டுப் போட ஆள் வந்தது. இதுதான் சமயமென்று ஓடிப்போய் மோட்டாரை அணைத்தேன். உள்ளே ஒரே கூச்சல். ஹர்திக்கின் முதல் பந்திலேயே கிளாசன் அவுட்!

ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கத்தான் பந்த் அப்படிச் செய்தார் என்று ரோஹித் பின்னாளில் சொன்னார். எங்கள் வீட்டில் அதை ஒருவரும் ஏற்கவில்லை. அன்று ராத்திரி ஆசையாக உள்ளே வந்த என்னை, "அங்கயே நில்லுடா!" என்று பெரியப்பா வாசல்படியிலேயே மறித்துவிட்டார். மீதி ஆட்டத்தை, சூர்யகுமார் எல்லைக்கோட்டில் பிடித்த அந்தக் கேட்ச் உட்பட, ஜன்னல் கம்பி வழியாக, கொசுக்கடியோடு பார்த்தேன். 7 ரன்னில் ஜெயித்தோம்.

2025 மார்ச்சில் நியூசிலாந்தோடு சாம்பியன்ஸ் டிராபி இறுதியாட்டம். டாஸ் போடும் முன்பே மோட்டார் ஸ்விட்ச் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. யார் போட்டது என்று நான் கேட்கவில்லை. கொசுவர்த்தியை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனேன்.