கல்லில் எழுதிய பெருமக்களுக்கு ஒரு திருத்தக் குறிப்பு

அனுப்புநர்: அலுவலகக் கடிதப் பயிற்சி முடித்து வேலை தேடும் ஒருவன், உத்திரமேரூர் வட்டம்.

பெறுநர்: மகாசபைப் பெருமக்கள், உத்திரமேருச் சதுர்வேதிமங்கலம், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்.

பொருள்: தங்கள் கல்வெட்டின் நடைக் குறைபாடுகளைக் களையக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: முதலாம் பராந்தக சோழரின் 12, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921).

ஐயாமார்களே,

ஒரகடம் கம்பெனிகளில் மெயில் அடிக்கத் தெரிந்தவனுக்குத்தான் மேசை வேலை என்றார்கள். மூன்று மாதம் மாடிப்படி ஏறிப் படித்தேன். சான்றிதழோடு கோயில் பக்கம் வந்து உங்கள் சுவரைப் படித்தபோதுதான் தெரிந்தது, எங்கள் வகுப்பில் நீங்கள் தேறவே மாட்டீர்கள்.

முதல் பாடமே, செய்தவன் யாரென்று காட்டாதே என்பதுதான். நீங்களோ ‘செய்தோம்’ என்று சபையே முன்னால் வந்து நிற்கிறீர்கள். ‘செய்யப்பட்டது’ என்றல்லவா இருக்க வேண்டும்? அரசர் தரப்பில் உடன் இருந்தவர் தத்தனூர் மூவேந்த வேளான் என்று 919ஆம் ஆண்டுக் கல்வெட்டில் பெயரே போட்டுவிட்டீர்கள். நாளைக்கு விசாரணை என்று வந்தால் அவர் எப்படித் தப்புவார்?

அடுத்தது, அளவு மீறிய தெளிவு. ஊர் வாரியம் என்ற குழுவில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனை மட்டும் விலக்கிவிட்டுப் போயிருக்கலாம். அவன் சிற்றன்னை மகன், அத்தை மகன், மாமன், மாமனார், மைத்துனன் என்று கல்யாணப் பத்திரிகை மாதிரி வரிசை போட்டிருக்கிறீர்கள். ‘சம்பந்தப்பட்டவர்கள்’ என்ற ஒரு சொல் போதுமே! அந்தச் சொல்லுக்குள் யார் வருவார், யார் நழுவுவார் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வாரியத்துக்கு ஆள் தேரக் குடவோலை எடுக்கும் முறை இதைவிட மோசம். ஊரின் பிரிவுகளான முப்பது குடும்புக்கும் தனித்தனி ஓலைக்கட்டு, கட்டுக்கு அடையாளமாக ஒரு வாயோலை. பூசகர்களில் மூத்த நம்பி குடத்தை எல்லாரும் காணத் தூக்க வேண்டும். ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவன் ஓலை எடுக்க வேண்டும். அதை மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாங்கியதை உரக்க வாசிக்க வேண்டும். விரல் எத்தனை, எப்படி விரிய வேண்டும் என்பது வரை எழுதிவிட்டால், இடையில் ஓர் ஓலையை மாற்ற நினைப்பவன் என்னதான் செய்வான்? ‘உரிய நடைமுறை பின்பற்றப்படும்’ என்று விட்டிருக்க வேண்டாமா?

முதல் கல்வெட்டில் வயது 30 முதல் 60. இரண்டே ஆண்டில் அதை 35 முதல் 70 ஆக்கி, விலக்குகளையும் விரித்து, மறுபடி முழுதாக வெட்டினீர்கள். தவறு கண்டால் திருத்தி எழுதுவது எங்கள் பாடத்தில் இல்லை. ‘மேற்படி கடிதத்தின் தொடர்ச்சியாக’ என்று இன்னொரு கடிதம் போடுவோம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் குடத்தில் விழ கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் வேதமும் வேண்டும். என் பாட்டன் பெயர் எந்தக் காலத்திலும் அதில் விழுந்திருக்காது. அதற்கு வேறு கடிதம் எழுதுகிறேன். அதில் செய்தவர் பெயரும் இருக்கும்.

இப்போது என் காரியம். ஏரி வாரியம் என்று தனியே ஆள் வைத்து ஏரி காத்தவர்கள் நீங்கள். எங்கள் ஊர் ஏரி மதகு உடைந்ததைப் பற்றி ஓர் அலுவலகத்துக்கு மனுப் போட்டேன். ‘தங்கள் மனு தக்க நடவடிக்கைக்காக உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்று பதில் வந்தது. எங்கள் வகுப்பில் இதற்கு நூற்றுக்கு நூறு. அடியில் ‘அலுவலருக்காக’ என்று ஒரு கிறுக்கல்.

உங்கள் சாசனத்தின் கடைசியில் மத்தியஸ்தன் காடாடிப்போத்தன், எழுதியவன் நானே என்று தன் முழுப்பெயரையும் வெட்டிவைத்திருக்கிறார். அந்தப் பதிலை இத்துடன் இணைத்துள்ளேன். அவர் கையில் கொடுத்து, ஐந்து விரலையும் விரிக்கச் சொல்லி, அந்தக் கிறுக்கல் யார் பெயர் என்று ஊரார் முன்னால் ஒருமுறை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)