இரண்டு கிராங்க், ஒரே சிலிண்டர்

விஜயந்தா டாங்கியின் என்ஜினுக்கு சிலிண்டர் ஹெட் கிடையாது. ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்த எனக்கு இது பள்ளியில் வால்வு, கேம்ஷாஃப்ட் எல்லாம் படிப்பதற்கு முன்பே தெரியும். அப்பா டாங்க் ஃபேக்டரியில் ஃபிட்டர். ஷிஃப்ட் முடிந்து வந்து திண்ணையில் உட்கார்ந்தால் ஒரு கையை மேலே, ஒரு கையை கீழே வைத்து ஜால்ரா தட்டுவதுபோல் காட்டுவார். உள்ளங்கைகள் தொடுவதற்குச் சற்று முன் நிறுத்தி, "இந்த இடுக்குலதான்டா டீசல் எரியும். ரெண்டு பிஸ்டனையும் ரெண்டு பக்கமா தள்ளும்" என்பார்.

பிறகு கைகளை விரிக்கும்போது ஒரு கை மற்றதைவிடக் கொஞ்சம் முந்தும். புகை வெளியேறும் துளை முதலில் திறக்க வேண்டும். அதன் பிறகுதான் மறுமுனைத் துளை வழியாகப் புதுக்காற்று நுழைந்து மிச்சப் புகையைத் துரத்தும். வால்வின் வேலையை பிஸ்டனே பார்த்துக்கொள்ளும். மேலே ஒரு கிராங்க், கீழே ஒரு கிராங்க், இரண்டையும் இணைக்கும் பல்சக்கரங்கள். ஆறு சிலிண்டருக்குப் பன்னிரண்டு பிஸ்டன்.

1965இல் ஆவடியிலிருந்து முதல் விஜயந்தா வெளிவந்தது. பிரிட்டனின் விக்கர்ஸ் வடிவமைத்த டாங்கி, லேலண்ட் எல்60 என்ஜின், 535 குதிரைத்திறன். ஜெர்மனியின் யுங்கர்ஸ் நிறுவனம் 1930களில் விமானங்களுக்காகச் செய்த டீசல் என்ஜின்தான் அதற்கு மூதாதை. பெட்ரோல், டீசல் எது கிடைத்தாலும் ஓட வேண்டும் என்று நேட்டோ நாடுகள் அன்று வைத்த நிபந்தனையால்தான் லேலண்ட் இந்த வடிவத்துக்குப் போனது.

அதே என்ஜினை பிரிட்டிஷ் ராணுவம் ஐம்பது டன்னுக்கு மேல் எடையுள்ள சீஃப்டன் டாங்கியில் வைத்து, அதனிடம் இன்னும் அதிகத் திறனை எதிர்பார்த்தது. லைனர் சீல்கள் தாங்கவில்லை. குளிர்விக்கும் நீர் கசிந்தது. என்ஜினுக்குக் கெட்ட பெயர் வந்தது. அந்தப் பெயர் வடிவத்துக்கும் ஒட்டிக்கொண்டது. நான் டிப்ளமோ படித்த நாளில் வகுப்பில் இதைக் கேட்டேன். "அதெல்லாம் தோத்துப்போன டிசைன், பரீட்சைக்கு வராது" என்று பதில் வந்தது. ஆனால் அமெரிக்க நீர்மூழ்கிகளுக்காக 1930களிலேயே ஃபேர்பேங்க்ஸ்-மோர்ஸ் செய்த எதிரெதிர் பிஸ்டன் என்ஜின் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இன்று அக்கா மகன் மெக்கானிக்கல் படிக்கிறான். போன மாதம் ஃபோனை நீட்டி, "மாமா, புது டெக்னாலஜி பாருங்க. ஹெட்டே இல்ல, வால்வே இல்ல" என்றான். அமெரிக்க ராணுவத்துக்காக கம்மின்ஸும் அகாட்டிஸும் சேர்ந்து உருவாக்கிய போர் வாகன என்ஜின் அது. நாலு சிலிண்டர், எட்டு பிஸ்டன், 14.3 லிட்டர், 1,000 குதிரைத்திறன். எங்கள் எல்60 19 லிட்டர்.

அவனுக்கு அப்பா சொன்னதையே சொன்னேன். ஹெட் இல்லாததால் அந்த வழியாக வீணாகும் வெப்பம் மிச்சம். எரிபொருள் சிக்கனத்தின் ஆணிவேர் அதுதான். அன்று துளைகளின் அளவையும் காற்றின் போக்கையும் செய்து பார்த்துத்தான் திருத்த முடிந்தது. இன்று உலோகத்தை வெட்டுமுன்னே கணினியில் பார்த்துவிடுகிறார்கள். வடிவம் அன்றும் சரியாகத்தான் இருந்தது. சீலும் கணக்கும் அவகாசமும்தான் போதவில்லை. ஒரு என்ஜின் பழுதானதை வைத்து ஒரு யோசனையையே பாடத்திட்டத்திலிருந்து தூக்கிவிட்டோம்.

விஜயந்தா டாங்கிகள் இன்று பல ஊர்களில் நினைவுச்சின்னமாக நிற்கின்றன. பலகையில் பீரங்கியைப் பற்றி எழுதுகிறார்கள். என்ஜினைப் பற்றியும் எழுத வேண்டும். இரண்டு கிராங்குக்கும் டைமிங் வைக்கத் தெரிந்த கைகள் ஆவடியில் இன்னும் சில இருக்கின்றன. எல்லோருக்கும் வயது எழுபது, எண்பது. மெக்கானிக்கல் படிக்கும் பிள்ளைகள் நோட்டோடு போய் அவர்கள் எதிரே உட்கார வேண்டும். அக்கா மகனை வரும் ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் பழைய செட் ஆள் ஒருவரிடம் அழைத்துப் போகிறேன்.